திட்டாமல் லைன் ஓட்ட முடியுமா? பின்னலாடை யூனிட்டில் சூப்பர்வைசர் பிரச்சினை

நூல்கண்டு:

திருப்பூர்ப் பக்கம் ஓர் ஏற்றுமதி யூனிட். மொத்தம் 180 பேர். தையலில் 6 லைன், லைனுக்கு 24 டெய்லர். மீதி ஆட்கள் கட்டிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங்கில். முக்கால்வாசிப் பேர் பெண்கள். இரண்டு லைனில் ஒடிசா, பீகார் ஆட்கள் அதிகம். புதிதாகப் பொறுப்பேற்கும் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் முதலாளி சொன்னது ஒரே வரி: "சத்தத்தை நிறுத்துங்க, ஆனா பீஸ் குறையக் கூடாது."

இப்போது தளத்தில் நடப்பது இதுதான். மணிக்கொருமுறை போர்டில் எண் எழுதுகிறார்கள், எழுதிய கையோடு கத்தல் ஆரம்பம். "கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்பது அங்கே மரியாதையான பேச்சு, மற்றதை இங்கே எழுத முடியாது. தவறாகத் தைத்த பீஸைத் தூக்கிக் காட்டி, தைத்தவரை லைன் முன்னால் நிற்க வைக்கிறார்கள். கழிவறைக்குப் போக லைனுக்கு ஒரே டோக்கன். மாதம் 15 பேராவது வேலையை விட்டு நின்றுவிடுகிறார்கள். புகார்ப் பெட்டி ஒன்று இருக்கிறது, திறந்தால் காலி. ஆறு சூப்பர்வைசர்களில் இரண்டு பேர் முதலாளிக்குச் சொந்தம்.

எங்கே தொடங்குவது? சூப்பர்வைசர்களுக்கு ஒருநாள் வகுப்பு வைத்தால் போதும் என்கிறது ஹெச்ஆர். போதுமா? சட்டப்படி என்னென்ன இருக்க வேண்டும்? சொல்லியும் மாறாதவரை என்ன செய்வது?

---

ஐஇ_பென்சில்:

வகுப்பை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்தப் போர்டைப் பாருங்கள். டார்கெட் என்று மேலே எழுதியிருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இதுவாக இருக்கும்: பையருக்கு (ஆர்டர் தரும் நிறுவனத்துக்கு) விலை சொல்ல, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் 65% எஃபிஷியன்ஸி (முழுத் திறனில் எத்தனை சதவீதம் ஓடுகிறது என்பது) வைத்துக் கணக்குப் போட்டார், அதே எண் அப்படியே தளத்துக்கு இறங்கிவிட்டது.

கணக்கு எளிது. ஆட்களை 60-ஆல் பெருக்கி, எஸ்ஏஎம்மால் (ஒரு பீஸ் தைக்க நிர்ணயித்த நிமிடத்தால்) வகுத்து, வருவதை எஃபிஷியன்ஸியால் பெருக்க வேண்டும். ஒரு டி-ஷர்ட்டின் எஸ்ஏஎம் 8 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 × 60 ÷ 8 = 180. இது நூற்றுக்கு நூறு ஓடினால். 65% என்றால் மணிக்கு 117. லைன் உண்மையில் ஓடுவது 55% என்றால் 99. புது ஸ்டைல் (புது டிசைன்) லைனில் ஏறிய முதல் நாள் 30% ஓடினாலே நல்ல லைன், அன்றைக்கு 54-தான் வரும். முதல் நாளும் போர்டில் 117 என்று எழுதியிருந்தால், அந்த சூப்பர்வைசர் காலை 9:30-க்கே தோற்றுவிட்டார். மேலே போய்ச் சொல்ல அவரிடம் ஒரே பதில்தான் இருக்கும்: "ஆளுக சரியில்ல சார்." அதை நிரூபிக்கத்தான் கத்துகிறார்.

ஆகவே முதல் வாரமே இதைச் செய்யுங்கள். ஸ்டைல் ஏறும் நாள் முதல் நாள்வாரியாக டார்கெட் ஏறட்டும்: 30, 40, 48, 55 என்கிற மாதிரி. படிகளின் அளவை அந்த லைனின் பழைய மூன்று ஸ்டைல்களின் பதிவைப் பார்த்து வையுங்கள், ஊகித்து வைக்காதீர்கள். இதற்கு முதலாளியின் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே பழைய எண் போர்டுக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது, லைன் எங்கே அடைக்கிறது என்பது. ஸ்டாப்வாட்சுடன் ஒவ்வொரு ஆபரேஷனிலும் 10 சுற்று அளந்து பாருங்கள். கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) ஏற்றுபவருக்கு ஒரு பீஸுக்கு 50 விநாடி ஆனால் மணிக்கு 72 பீஸ்தான். அந்த இடத்தைத் தாண்டி 99 போகவே போகாது. மீதி 23 பேரைத் திட்டினாலும் சரி, கும்பிட்டாலும் சரி. பக்கத்தில் லேபிள் வைப்பவருக்கு பீஸுக்கு 15 விநாடிதான் என்றால், 99 பீஸுக்கு அவருக்கு 25 நிமிடம் போதும். மீதி 35 நிமிடத்தில் அவர் ரிப் ஏற்றினால் 42 பீஸ். இரண்டும் சேர்ந்து 114. நூல் மாற்றுவது, எழுந்து போவது எல்லாம் கழிந்தாலும் 99 தேறிவிடும். ஒரே நிபந்தனை, அவருக்கு ஓவர்லாக் (ஓரம் பின்னும் மெஷின்) ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு ஓவர்லாக் காலியாக இருக்க வேண்டும். இதற்குத்தான் யாருக்கு எந்த மெஷின் தெரியும் என்ற அட்டவணை லைன் தலையில் தொங்க வேண்டும்.

போர்டில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்: டார்கெட், வந்தது, அதற்குப் பக்கத்தில் 'காரணம்'. ஐந்து காரணங்கள் போதும்: ஃபீடிங் இல்லை (வெட்டிய துணி லைனுக்கு வரவில்லை), மெஷின் நின்றது, ஆள் வரவில்லை, ஆல்ட்ரேஷன் (தவறான பீஸைத் திருத்தித் தைப்பது), புது ஸ்டைல். 'ஆள் மெதுவு' என்று ஆறாவது காரணம் வைக்காதீர்கள். வைத்தால் எல்லா மணிக்கும் அதுதான் விழும். இரண்டு வாரப் பதிவைக் கூட்டிப் பார்த்தால் குறைந்த பீஸில் எவ்வளவு கட்டிங்காலும் மெக்கானிக்காலும் போனது என்று தெரியும். பல யூனிட்டில் அங்கேதான் பாதிக்கு மேல் போயிருக்கும். அதுவரை திட்டு வாங்கியவர்களோ டெய்லர்கள்.

டோக்கன் விஷயம். 24 பேர், ஷிப்டுக்கு இரண்டு முறை, ஒரு முறைக்கு 6 நிமிடம்: மொத்தம் 288 நிமிடம். லைனின் மொத்த நேரம் 24 × 480 = 11,520 நிமிடம். ஆக 2.5%. இதுவும் நஷ்டக் கணக்கில் வராது. எஸ்ஏஎம் போடும்போதே ஓய்வுக்கும் சொந்தத் தேவைக்கும் அலவன்ஸ் சேர்த்துத்தான் போடுகிறோம். கொடுத்த நேரத்தையே டோக்கன் வைத்துப் பிடுங்குவது என்ன நியாயம்? டோக்கனை எடுத்துவிட்டு, இரண்டு லைனுக்கு ஒருவர் வீதம் எல்லா மெஷினும் தெரிந்த மாற்று டெய்லரை வையுங்கள். யாராவது எழுந்து போனால் அவர் உட்காருவார், லைன் நிற்காது.

முதலாளிக்குக் காட்ட ஒரு கணக்கு. புது டெய்லர் முதல் மாதம் 25%-இல் தொடங்கி 55%-க்கு வருவதாக வைத்தால் சராசரிக் குறை 15%. நாளுக்கு 72 நிமிடம், அதாவது 9 பீஸ். 26 நாளுக்கு 234 பீஸ். மாதம் 15 பேர் மாறினால் 3,510 பீஸ். மணிக்கு 99 ஓடும் ஒரு லைன் கிட்டத்தட்ட நாலரை நாள் சும்மா நின்ற மாதிரி. புது ஆள் தைத்த ஆல்ட்ரேஷனும் புரோக்கர் கமிஷனும் இதில் சேரவில்லை.

---

பழனியாண்டவர்_துணை:

கணக்கெல்லாம் நல்லா இருக்குதுங்க. ஷிப்மென்ட் வாரத்துல வந்து நின்னு பாருங்க. கண்டெய்னருக்கு ரெண்டு நாள் இருக்கும்போது ஃபோன்ல ரீல்ஸ் பாக்கற பையன்கிட்ட "தம்பி, உங்க மனநிலை எப்படி இருக்கு"ன்னா கேக்க முடியும்? சத்தம் போட்டா அரை மணி நேரம் வேகம் கூடுதுங்கறது எல்லாருக்கும் தெரியும். பயம் போச்சுன்னா லைன் போச்சு.

---

அயர்ன்_டேபிள்:

@பழனியாண்டவர்_துணை அண்ணா, அரை மணி நேரம் கூடுவது உண்மைதான். அந்த அரை மணி நேரத்துப் பீஸை மட்டும் தனி பண்டிலாகக் கட்டி செக்கிங்குக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்கிப் ஸ்டிச் (விட்டுப்போன தையல்), தப்பான ஹெம் (மடித்துத் தைக்கும் ஓரம்) அகலம், ஓபன் சீம் (பிரிந்த தையல்) எல்லாம் அதில்தான் கூடும். போர்டில் ஏறிய பீஸ் மறுநாள் ஆல்ட்ரேஷனாகத் திரும்பி வரும். இன்னொன்று, பயந்தவர் தவறை மறைப்பார். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை தேடி, பதிவேட்டில் ஒட்டிவைப்பது ஏற்றுமதி யூனிட்டில் கட்டாயம். திட்டு விழும் லைனில் முனை கிடைக்காவிட்டாலும் சத்தமில்லாமல் புது ஊசி மாட்டிவிடுவார்கள். அந்த முனை குழந்தைச் சட்டையில் போனால் கண்டெய்னரே திரும்பி வரும்.

ரீல்ஸ் பார்ப்பவரைக் கண்டிக்க வேண்டியதுதான். ஃபோன் லாக்கரில் இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள், மீறினால் எழுத்தில் எச்சரிக்கை கொடுங்கள். ஆனால் அந்த விதி சூப்பர்வைசரின் ஃபோனுக்கும் பொருந்த வேண்டும். கண்டிப்பு வேறு, அவமானப்படுத்துவது வேறு. கண்டிப்பு செயலைப் பற்றிப் பேசும். மற்றது ஆளைப் பற்றி, ஊரைப் பற்றி, அம்மாவைப் பற்றிப் பேசும்.

நூல்கண்டு கேட்ட வகுப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஒருநாள் வகுப்பால் பயனில்லை. பிரியாணி நன்றாக இருந்தது என்பதுதான் மறுநாள் நினைவிருக்கும். 1940-களில் போர்க்கால அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற பயிற்சி முறையை உருவாக்கினார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போனது, டொயோட்டா அதை எடுத்துக்கொண்டது. வடிவம் இதுதான்: ஒரு பாடத்துக்கு மொத்தம் 10 மணி நேரம், இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு, சுமார் 10 பேர் கொண்ட குழு. ஒவ்வொருவரும் தன் தளத்தில் அப்போது இருக்கும் உண்மையான பிரச்சினை ஒன்றைக் கொண்டுவந்து அங்கேயே செய்து பார்க்க வேண்டும். உங்கள் 6 சூப்பர்வைசர், கட்டிங் இன்சார்ஜ், செக்கிங் இன்சார்ஜ், மெக்கானிக், பேக்கிங் இன்சார்ஜ் சேர்ந்தால் சரியாகப் பத்துப் பேர்.

அதில் இரண்டு பாடம் உங்களுக்குத் தேவை.

முதலாவது, வேலை சொல்லிக்கொடுப்பது. நான்கு படி: ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்யவை, அப்புறமும் வந்து பார். நம் ஊரில் இரண்டாவது படியை வேகமாக ஒருமுறை செய்துவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டுப் போய்விடுவார்கள். யாரும் "புரியல" என்று சொல்ல மாட்டார்கள். மூன்றாவது படியில் தைப்பவர் வாயால் சொல்லிக்கொண்டே தைக்க வேண்டும்: எதை முதலில் பிடிக்கிறார், எங்கே இழுக்கக் கூடாது, ஏன். 'ஏன்' வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஒடியா மட்டும் தெரிந்தவரிடம் கைசாடையில் இதைச் செய்ய முடியாது. அந்த லைனில் இரண்டு மொழியும் தெரிந்த டெய்லர் ஒருவரைச் சொல்லிக்கொடுப்பவராக வைத்து, அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள்.

இரண்டாவது, ஆட்களோடு பழகுவது. இதிலும் நான்கு படி: முழு விவரம் எடு, எடை போட்டு முடிவெடு, செயல்படு, பலன் பார். முதல் படியில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். விவரம் எடுப்பதில் அந்த ஆளின் பக்கத்தைக் கேட்பதும் சேர்த்தி. மூன்று நாளாக 8:30-க்கு வர வேண்டியவர் 8:50-க்கு வருகிறார். வேன் ரூட் மாறியதால் அந்த ஊரிலிருந்து வரும் ஐந்து பேருக்கும் அதே நிலைமை என்பது கேட்டால்தான் தெரியும். கேட்காமல் அரை நாள் சம்பளம் பிடித்தால் ஐந்து பேரும் அடுத்த மாதம் வேறு கம்பெனி வேனில் ஏறுவார்கள்.

தவறைத் திருத்தும் முறையை ஒரே மாதிரியாக்கிவிடுங்கள். மெஷின் நிற்கட்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் குனிந்தோ ஸ்டூலில் உட்கார்ந்தோ, அடுத்த மெஷினுக்குக் கேட்காத குரலில் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: எந்தப் பீஸ், அளவு என்ன இருக்க வேண்டும் என்ன இருக்கிறது, இப்போது என்ன செய்யலாம். "இந்த நாலு பீஸ்ல ஹெம் 2 செ.மீ. வரணும், ஒன்றரை வந்திருக்கு. கைடு நகர்ந்திருக்கா பாக்கலாமா?" முப்பது விநாடிகூட ஆகாது. பாதி நேரம் கைடுதான் (துணியை அளவோடு பிடித்து நிறுத்தும் பாகம்) நகர்ந்திருக்கும்.

---

ஃபைல்_நம்பர்_9:

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். மூன்று வழி இருக்கிறது, மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, பாலியல் துன்புறுத்தல். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனி. தலைமை அலுவலகக் குழுவின் பெயரை யூனிட் சுவரில் ஒட்டிவைத்தால் செல்லாது. தலைவர் மூத்த நிலைப் பெண் ஊழியர், பாதி உறுப்பினராவது பெண்கள், ஒருவர் வெளியிலிருந்து. முதலாளியின் ஆடிட்டரை அந்த வெளி உறுப்பினராகப் போடும் வழக்கம் உண்டு, போடாதீர்கள். பெண்கள் பிரச்சினையில் வேலை செய்யும் தொண்டு அமைப்பைச் சேர்ந்தவராகவோ இந்த விஷயம் அறிந்தவராகவோ இருக்க வேண்டும். புகார் 3 மாதத்துக்குள், தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் நீட்டலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. விசாரணை 90 நாள், அறிக்கை 10 நாள், அதன்மேல் நடவடிக்கை 60 நாள். விசாரணை நடக்கும்போது இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ புகார் கொடுத்தவர் கேட்டால் பரிந்துரைக்கலாம். குழுவே அமைக்காவிட்டால் ₹50,000 வரை அபராதம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் இது பொருந்தும்.

தளத்தில் பேசும் 'இரட்டை அர்த்த'ப் பேச்சும் இதில்தான் வரும். "சும்மா தமாஷுக்கு" என்பது பதிலாகாது. ஆனால் "கண்ணு பொடனியிலயா" போன்ற பொதுவான திட்டு இங்கே வராது. அதை இந்தக் குழுவுக்கு அனுப்பினால் ஏற்க முடியாது என்று திரும்பும், புகார் கொடுத்தவர் நம்பிக்கை இழப்பார்.

இரண்டு, பொதுவான குறைகள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் குறைதீர்க் குழு வேண்டும். அதிகபட்சம் 10 உறுப்பினர், இரு தரப்பும் சம எண்ணிக்கை. தலைமை ஆண்டுக்கொரு முறை தரப்பு மாறும். பெண்களின் பங்கு, தொழிலாளர்களில் அவர்களுக்குள்ள விகிதத்துக்குக் குறையக் கூடாது. முக்கால்வாசிப் பெண்கள் உள்ள உங்கள் யூனிட்டில் 10-க்கு 8 பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறை ஏற்பட்டு ஓராண்டுக்குள் மனு கொடுக்கலாம், குழு 30 நாளில் முடிக்க வேண்டும். தொழிலாளர் தரப்பு உறுப்பினரில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ளாவிட்டால் அது முடிவாகாது. திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் சங்கம் வழியாகச் சமரச அலுவலரிடம் போகலாம். லைனில் நிற்க வைப்பது, டோக்கன், ஓட்டி (ஓவர்டைம்) மறுப்பு எல்லாம் இந்தக் குழுவுக்கு.

மூன்று, சாதி. பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைப் பிறர் பார்வைபட அவமதிப்பதும் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது போலீசுக்குப் போக வேண்டிய விஷயம். "உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கும் ஹெச்ஆர் தன் தலையிலேயே மண்ணைப் போட்டுக்கொள்கிறார்.

கை வைத்தால், அது தோளில் தட்டுவதானாலும் சரி, பீஸை முகத்தில் எறிவதானாலும் சரி, அங்கே பயிற்சி, அறிவுரை எல்லாம் கிடையாது. அன்றே தற்காலிக நீக்கம், விசாரணை.

---

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. போர்டும் டோக்கனும் முதல் வாரமே என்று குறித்துக்கொண்டேன். இரண்டு சந்தேகம் மிச்சம். குழு போட்டாலும் யாரும் வாய் திறக்கப் போவதில்லை, பெட்டி காலியாக இருப்பதே சாட்சி. அதற்கு என்ன வழி? அப்புறம் அந்தச் சொந்தக்காரர்கள் விஷயத்தை யாரும் தொடவே இல்லையே?

---

தளத்துக்_குரல்:

பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஹெச்ஆர் அறை வாசலில், கேமரா பார்வையில் இருக்கும். சாவி ஹெச்ஆரிடம். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அப்படி ஒரு பெட்டியில் யார் போடுவார்கள்? பெண்கள் கழிவறைக்குப் போகும் நடையில், கேமரா இல்லாத இடத்தில் மாட்டுங்கள். இரண்டு பூட்டு, ஒரு சாவி தொழிலாளர் தரப்பிடம். வாரம் ஒருநாள், எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில் திறக்க வேண்டும். அன்று மாலையே "வந்தது 4, முடிந்தது 3, நிலுவை 1, முடிக்கும் தேதி" என்று தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். பெயர் வேண்டாம், லைன் எண்ணும் வேண்டாம்.

ஆனால் பெட்டி இரண்டாம்பட்சம். பக்கத்து மெஷினில் இருப்பவரிடம்தான் முதலில் சொல்வார்கள். ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில் அதைத்தான் செய்தார்கள். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், ஆடை ஏற்றுமதி நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், ஹெச் அண்ட் எம் போன்ற பையர்கள் எல்லாம் அதில் தரப்புகள். தொழிலாளர்களிலிருந்தே 25 பேருக்கு ஒருவர் வீதம் தளக் கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. நிர்வாகம் சொன்னபடி நடக்காவிட்டால் பையர் ஆர்டரிலேயே விளைவு இருக்கும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு. உங்களுக்கு அத்தனை பெரிய ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் 25-க்கு ஒருவர் என்பதை எடுத்துக்கொள்ளலாம். 180 பேருக்கு 7 அல்லது 8 பேர். ஹெச்ஆர் பெயர் சொல்லக் கூடாது, லைன் ஆட்களே சீட்டுப் போட்டு எடுக்கட்டும். அவர்களின் கூட்டம் வேலை நேரத்தில், சம்பளத்தோடு. சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் வைத்தால் இரண்டாவது வாரம் யாரும் வர மாட்டார்கள்.

முதலில் வருவது ஃபேன் ஓடவில்லை, குடிதண்ணீரில் வாடை என்பது மாதிரிதான் இருக்கும். "இதுக்கா குழு?" என்று சிரித்துவிடாதீர்கள், ஆழம் பார்க்கிறார்கள். 48 மணி நேரத்தில் ஃபேனைச் சரிசெய்தால் அடுத்த மாதம் உண்மையான புகார் வரும். முதல் மூன்று மாதம் புகார் எண்ணிக்கை கூடும், அதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஹார்வர்டு ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதுதான் அதற்கு அவர் கண்ட விளக்கம்.

பழிவாங்கல்தான் உண்மையான கண்டம். அது நேரடியாக வராது. புகார் கொடுத்தவருக்குப் பழைய மெஷின் போகும். தெரியாத ஆபரேஷனில் உட்கார வைப்பார்கள். ஓட்டி கிடைக்காது. பர்மிஷன் சீட்டில் கையெழுத்து விழாது. பண்டில் தாமதமாக வரும், அப்புறம் 'எஃபிஷியன்ஸி குறைவு' என்று எழுதுவார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாதாரணம். ஆகவே புகார் கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்கு, அவருடைய மெஷின் எண், ஆபரேஷன், ஓட்டி மணி, விடுப்பு, லைன் மாற்றம் ஐந்தையும் புரொடக்‌ஷன் மேனேஜரே வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த நாட்களில் அவரை மாற்றுவதென்றால் சூப்பர்வைசரின் கையெழுத்து போதாது.

---

ஐஇ_பென்சில்:

சொந்தக்காரர் விஷயம். குணத்தைப் பற்றி முதலாளியிடம் பேசவே பேசாதீர்கள். "உங்க மச்சான் கெட்ட வார்த்தை பேசறாரு" என்றால் பேச்சு குடும்பத்துக்குள் போய்விடும், நீங்கள் வெளியாள் ஆகிவிடுவீர்கள். ஆறு லைனுக்கும் ஒரே தாள்: நின்றுபோனவர் எண்ணிக்கை, வராதவர் சதவீதம், முதல் செக்கிங்கில் தேறிய பீஸ் சதவீதம், மணிக்குப் பீஸ். மூன்று மாதம், லைன் எண் மட்டும், பெயர் வேண்டாம். எந்த லைன் யாருடையது என்று முதலாளிக்குத் தெரியாதா?

சூப்பர்வைசர் இன்சென்டிவையும் கூடவே மாற்ற வேண்டும். இப்போது முழுக்கப் பீஸ் எண்ணிக்கைக்கு இருந்தால் அவர் திட்டுவதற்கு நீங்களே காசு கொடுக்கிறீர்கள். பீஸுக்கு 40%, முதல் செக்கிங் தேர்ச்சிக்கு 25%, ஆட்கள் வேலையில் நீடிப்பதற்கும் வருகைக்கும் 20%, புது மெஷின் கற்றுக்கொடுத்ததற்கு 15% என்று பிரித்துப் பாருங்கள். வருகை இலக்கில் ஓர் ஓட்டை உண்டு. அதைக் காப்பாற்ற உடம்பு சரியில்லாதவரையும் வரச் சொல்லி ஃபோனில் மிரட்டுவார்கள். ஆகவே மருத்துவ விடுப்பும் முன்கூட்டிச் சொன்ன விடுப்பும் கணக்கில் சேரக் கூடாது.

மாறாதவருக்கு: முதல் நாள் தனியாகப் பேச்சு, நடந்த இரண்டு சம்பவத்தைத் தேதியோடு சொல்லி, எழுத்தில் கொடுங்கள். 14-ஆம் நாள் ஒரு பார்வை, 30-ஆம் நாள் முடிவு. கை நல்ல கை, வாய்தான் கெட்டது என்றால் சாம்பிள் ரூமுக்கோ துணி ஸ்டோருக்கோ சம்பளம் குறையாமல் மாற்றிவிடலாம். ஆட்களை மேய்க்கும் வேலை மட்டும் வேண்டாம். அடுத்த யூனிட்டுக்கு அதே சூப்பர்வைசர் வேலையில் அனுப்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

---

பழனியாண்டவர்_துணை:

கடைசியா ஒண்ணு. சூப்பர்வைசருக்கு மேல இருக்கறவங்க வாட்ஸாப் குரூப்ல ராத்திரி பத்து மணிக்கு "6-ஆம் லைன் என்னய்யா பண்றே"ன்னு எல்லார் முன்னாடியும் கேக்கறாங்களே, அதுக்கு என்ன பண்ணறது? நாங்க வாங்கறதைத்தான் கீழ கொடுக்கறோம்.

---

அயர்ன்_டேபிள்:

சரியான கேள்வி அண்ணா. குரூப்பில் போர்டின் படமும் காரணப் பத்தியும் மட்டும் போகட்டும். ஷிப்ட் முடிந்த பிறகு மெஷின், பேருந்து, விபத்து தவிர வேறு செய்தி வேண்டாம். லைன் குறைந்ததற்கான பேச்சு மறுநாள் காலை 8:15-க்கு, 15 நிமிடம், எல்லாரும் நின்றுகொண்டே. கட்டிங் இன்சார்ஜும் மெக்கானிக்கும் அங்கே கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் வராமல் நடக்கும் கூட்டத்தில் பழி முழுக்க லைன் மேல்தான் விழும்.

---

நூல்கண்டு:

காரணப் பத்தியை யார் எழுதுவது? சூப்பர்வைசரே எழுதினால் எல்லா மணிக்கும் 'மெஷின் நின்றது' என்றுதானே வரும்?

---

ஐஇ_பென்சில்:

வரும். லைன் கடைசியில் உட்காரும் செக்கர் எழுதட்டும், வாரம் ஒருவர். 'மெஷின்' என்று எழுதினால் மெஷின் எண்ணும் நின்ற நேரமும் சேர்த்து எழுத வேண்டும். மெக்கானிக்கின் பதிவேட்டோடு மாலையில் ஒத்துப்பார்த்தால் இரண்டு நாளில் நேராகிவிடும். போர்டு மார்க்கரை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் வாரமே காணாமல் போகும்.